கடலில் போன காப்பு

பிப்ரவரி 4

அன்புள்ள அம்மாடிக்கு,

மாமா எழுதுவது. இங்கே நான், அத்தை, என் இடது முழங்கால் மூவரும் ஓரளவு நலம். அங்கே நீயும் என் மகனும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்கலாம் என்றால் நீ சொல்வதில் பாதிதான் என் காதில் விழுகிறது. மீதியை அத்தை கத்திச் சொல்லும்போது பக்கத்து வீட்டுக்கும் சேதி போய்விடுகிறது. அச்சகத்து இயந்திரங்களோடு காலமெல்லாம் குடித்தனம் நடத்தியவனுக்குக் கடிதம்தான் கதி.

நான் ஒரு கருவி வாங்கியிருக்கிறேன். நீளக் கம்பு, நுனியில் ஒரு தட்டு. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கூவும். காலையில் அதைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுகிறேன். அத்தை அதைத் துடைப்பம் என்றுதான் சொல்கிறாள். "வீட்டை ஒரு நாள் பெருக்கினதில்ல, இப்ப கடலைப் பெருக்கக் கிளம்பிட்டார்" என்று பால்காரர் வரைக்கும் புகார் போயிருக்கிறது. இதுவரை சேர்த்த சொத்து: பாட்டில் மூடிகள், துருப்பிடித்த ஆணிகள், யாருடையதோ சாவிகள், ஒரு கரண்டி. கரண்டியை மட்டும் அத்தை கழுவி எடுத்து வைத்துக்கொண்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் இங்கே பெரிய காற்று. மணலையெல்லாம் கடல் வாரிக்கொண்டு போய், தெற்கே இருக்கும் பாறை வரிசையின் அடி வரைக்கும் தெரிகிறது. காற்று நின்ற மறுநாள், தண்ணீர் வற்றியிருந்த நேரத்தில் பாறைகளுக்கு அப்பால் வரை போனேன். கருவி மெல்ல முனகியது. இன்னொரு மூடி என்று நினைத்துத்தான் தோண்டினேன். வந்தது ஒரு தங்கக் காப்பு! திருகு வைத்தது. திருகு கழன்று வாய் திறந்து கிடந்தது. உள்பக்கப் பள்ளத்தில் மணல் கல்லாக இறுகி, அதன் மேல் அரிசி அளவில் சிப்பிகள் ஒட்டியிருந்தன. ஓர் ஓரத்தில் உடைந்து பற்றவைத்த தழும்பு. அந்த இடம் மட்டும் கொஞ்சம் சிவந்திருக்கிறது.

அத்தை அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு, "பாவம், எவ எவ்வளவு அழுதாளோ" என்றாள். உரியவரைத் தேடிக் கொடுத்துவிட வேண்டும். எப்படி என்று நீதான் யோசனை சொல்ல வேண்டும். படித்த பிள்ளை.

அவனிடமும் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
மாமா

---

பிப்ரவரி 16

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மதிய இடைவேளையில் படித்துச் சிரித்தேன். அடுத்து காது சோதிக்க வந்தவர், அவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார். நான் நலம். உங்கள் முழங்காலுக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்கள். அத்தைக்குத் தும்மல் விட்டதா?

முதலில் காவல் நிலையத்தில் எழுத்தில் சொல்லிவிடுங்கள். நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. பிறகு பத்திரிகையில் சின்னதாக ஓர் அறிவிப்பு. உங்கள் பழைய அச்சகத்தில் உங்களுக்கு இல்லாத இடமா? ஆனால் பற்றவைத்த தழும்பைப் பற்றி மூச்சு விடாதீர்கள், மாமா. கடற்கரையில் எந்தப் பக்கம் கிடைத்தது என்றும் எழுத வேண்டாம். கேட்டு வருகிறவர்கள் அவர்களே சொல்லட்டும். காப்பைச் சுத்தம் செய்யாமல் அப்படியே வையுங்கள்.

இன்னொன்று. கருவி 'முனகியது' என்று எழுதியிருக்கிறீர்கள். அது நன்றாகவே கூவியிருக்கும். மெல்லிய கீச்சு ஒலிகள் உங்கள் காதுக்கு எட்டுவதில்லை. கருவியில் ஒலியைத் தடிமனாக்கும் வசதி இருக்கும், தேடிப் பாருங்கள். காதை மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்றை அனுப்புகிறேன். வலது காது இன்னும் நல்ல காதுதான். அதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

இங்கே வேலை அதிகம். அவருக்கும்தான்.

அன்புடன்,
உங்கள் மருமகள்

---

மார்ச் 5

அன்புள்ள அம்மாடிக்கு,

நாங்கள் சுகம். ஹெட்போன் வந்தது. அதை மாட்டிக்கொண்டு நான் நிற்கும் அழகைப் பார்த்து அத்தை, "விமானம் எப்ப கிளம்பும்?" என்று கேட்கிறாள். ஆனால் நீ சொன்னது சரி. இத்தனை நாள் கருவி என்னிடம் பேசிக்கொண்டிருந்ததில் பாதியை நான் கேட்கவே இல்லை.

அறிவிப்பு வந்த நாளிலிருந்து வீட்டில் போன் ஓயவில்லை. எனக்குத்தான் கேட்காதே. அதனால் விசாரணை அதிகாரி அத்தைதான். "எப்படி இருக்கும், சொல்லுங்க" என்று அவள் கேட்டால், ஒருவர் "வட்டமா இருக்கும்" என்றார். வட்டமில்லாத காப்பை நான் இன்னும் பார்க்கவில்லை. இன்னொருவர், "நீங்க சொல்லிட்டே வாங்க, நான் ஆமான்னு சொல்றேன்" என்றாராம். அவருக்கு அத்தை கொடுத்த பதிலைக் கடிதத்தில் எழுத முடியாது.

மூன்றாம் நாள் ஓர் அம்மா பேசினார். தையற்கடை வைத்திருக்கிறவர், வயதானவர். எடுத்த எடுப்பிலேயே, "ஓரத்துல பத்த வெச்சிருக்கும். தையல் மெஷின் சக்கரத்துல மாட்டி உடைஞ்சது, பத்த வெச்சவன் மட்டத் தங்கம் போட்டுட்டான், செவசெவன்னு இருக்கும்" என்றார். அத்தைக்கு ஒரே மகிழ்ச்சி. "வந்து வாங்கிக்குங்கம்மா, எப்படித் தொலைஞ்சது?" என்று கேட்டாள். அந்த அம்மா சொன்னார்: "தொலையல. திருட்டுப் போச்சு. எடுத்தவ என் மருமக."

ஆனால் கடலுக்கு அடியில் போய் யாரும் திருட்டுப் பொருளைப் பதுக்கி வைப்பார்களா என்று மனதில் உறுத்தியது.

மறுநாளே ஒரு கடிதம் வந்தது, பத்திரிகை அலுவலகம் வழியாக. ஒரு பெண் எழுதியிருந்தாள். அதே காப்பு, அதே தழும்பு, அதே தையல் மெஷின். கடைசியில் இப்படி முடித்திருந்தாள்: 'அது என் மாமியாருடையது. என்னிடம் தர வேண்டாம். தெற்கே பாறை வரிசைக்கு அப்பால் தண்ணீரில்தான் கிடைத்ததா என்று மட்டும் ஒரு வரி எழுதித் தாருங்கள். வேறொன்றும் வேண்டாம்.'

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. "பொருள் யாரோடதோ அவங்ககிட்ட குடுத்துட்டுக் கையைக் கழுவுங்க. அடுத்த வீட்டுச் சண்டை நமக்கெதுக்கு" என்கிறாள் அத்தை. அவள் சொல்வதும் நியாயம்தான். நீ என்ன சொல்கிறாய்?

அவன் போனில் அத்தையோடு பேசினானாம். குரல் சரியில்லை என்றாள். சளியா?

அன்புடன்,
மாமா

---

ஏப்ரல் 9

மாமாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். உங்கள் கடிதம் பைக்குள்ளேயே இருந்தது. தினமும் எடுத்துப் படித்தேன், எழுத உட்காரத்தான் முடியவில்லை.

அந்தப் பெண் கேட்டதை எழுதிக் கொடுங்கள், மாமா. காப்பை மாமியாரிடம் கொடுப்பது முறைதான், கொடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அவளுக்கு அந்த ஒரு வரி. அவள் தங்கத்தைக் கேட்கவில்லை. தான் சொன்னது நிஜம் என்று ஒரு மனிதர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று கேட்கிறாள். அதைக் கேட்கிற நிலைமை எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்தேதான் கேட்டிருப்பாள். தயவுசெய்து இன்றைக்கே எழுதுங்கள்.

அதட்டுவதுபோல் எழுதிவிட்டேனோ? கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அத்தைக்கு இரண்டு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. அடுப்பு வேலையாக இருந்திருப்பார். அவரிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

வீடு மாறியிருக்கிறேன். புது விலாசம் கீழே. இனி இதற்கே எழுதுங்கள்.

அன்புடன்,
மருமகள்

---

ஏப்ரல் 21

அன்புள்ள அம்மாடிக்கு,

புது விலாசத்துக்கு எழுதும் முதல் கடிதம். வீடு எப்படி? ஜன்னல் எந்தப் பக்கம்? தண்ணீர் நன்றாக வருகிறதா? மாடி என்றால் எத்தனையாவது மாடி? இதையெல்லாம் எழுது. எனக்கு ஒரு வீட்டை மனதில் கட்டிப் பார்த்தால்தான் அங்கே கடிதம் போய்ச் சேரும் என்று தோன்றும்.

போன வாரம் அவன் இங்கே வந்திருந்தான். இரண்டு நாள் இருந்தான். சரியாகச் சாப்பிடவில்லை. என்னோடு கடற்கரைக்கு வந்தான். கருவியைக் கொஞ்ச நேரம் அவனிடம் கொடுத்தேன். மூடிதான் கிடைத்தது.

அத்தை சுகம்.

நீ சொன்னபடியே செய்தேன். எழுதித் தபாலில் போடாமல் நேரிலேயே கொண்டுபோனேன். அந்தப் பெண் பக்கத்து ஊரில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு பார்லர் வைத்திருக்கிறாள். இரண்டு நாற்காலி, சுவர் முழுக்கக் கண்ணாடி, வாசலில் காயப்போட்ட துண்டுகள். நான் உள்ளே நுழைந்ததும், "ஆம்பளைங்களுக்கு எதிர்க்கடை, ஐயா" என்றாள். என் தலையில் வெட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று காட்டிவிட்டு, காகிதத்தை நீட்டினேன்.

நின்றபடியே படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கல்யாண நாளுக்குப் போட்டுக்கச் சொல்லி அவங்களே குடுத்தாங்க. எல்லாருமா கடலுக்குப் போனோம். பாறைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் நீந்துவேன், அவ்வளவு பிடிக்கும். வெளிய வந்து பார்த்தா கை வெறுமையா இருக்கு. இருட்டற வரைக்கும் தேடினேன். அந்த மாசம் என் அண்ணன் ஒரு வண்டி வாங்கினான். அவ்வளவுதான், கணக்கு சரியாப் போச்சு அவங்களுக்கு."

"உன் வீட்டுக்காரர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. நம்பலன்னு சொல்லியிருந்தாக்கூடச் சண்டை போட்டிருப்பேன். பேப்பர் படிச்சிட்டிருந்தார்."

ஏழு வருஷமாகத் தனியாக இருக்கிறாளாம். அந்தக் காகிதத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் சொருகினாள். பிறகு என்ன நினைத்தாளோ, எடுத்து மடித்து உள்ளே வைத்தாள். "வர்றவங்க படிக்கறதுக்கில்ல, எனக்குத்தான்" என்றாள். காப்பைக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

தையற்கடை அம்மா தினமும் போன் செய்கிறார். கடலில்தான் கிடந்தது என்று அத்தை சொன்னதற்கு, "அவ உங்களையும் கைக்குள்ள போட்டுக்கிட்டாளா?" என்று கேட்டாராம். அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. அவளை யாரும் அப்படிக் கைக்குள் போட்டதில்லை, நான் உட்பட.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

மாமா

---

மே 8

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லாம் பரவாயில்லை. வீடு மூன்றாவது மாடி. ஓர் அறை, ஒரு சமையல் மேடை. ஜன்னல் கிழக்கே. எதிரே ஒரு சைக்கிள் கடை. காலையில் காற்றடிக்கும் சத்தத்தில்தான் விழிக்கிறேன். தண்ணீர் வருகிறது. வாடகைக்கு விட்டவர் நல்ல மாதிரி. போதுமா? கட்டி முடித்துவிட்டீர்களா?

பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் என்று அந்தப் பெண் சொன்னதை நீங்கள் எழுதியிருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத்தான் மேலே படித்தேன்.

அந்த அம்மாவிடம் காப்பை வீட்டில் வைத்துக் கொடுக்காதீர்கள், மாமா. கிடைத்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். போனில் சொன்னால் காதில் ஏறாதது, கண்ணால் பார்த்தால் ஏறலாம். என் தொழிலில் தினமும் பார்க்கிறேன். காது கேட்கவில்லை என்று ஒத்துக்கொள்ளாதவர்களிடம் சோதனை வரைபடத்தைக் காட்டினால் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

அத்தை என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா?

அன்புடன்

---

மே 27

அன்புள்ள அம்மாடிக்கு,

சுகமாக இருக்கிறாயா? நேற்று நடந்ததை இன்று எழுதாவிட்டால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். அதனால் முழங்கால் வலியோடு உட்கார்ந்திருக்கிறேன்.

நீ சொன்னபடி அந்த அம்மாவைக் கடற்கரைக்கே வரச் சொன்னேன். அத்தை, "நானும் வர்றேன், என்னைச் சொன்ன வாயை நேர்ல பார்க்கணும்" என்று குடையோடு கிளம்பினாள். கருவி வாங்கியதிலிருந்து அவள் கடற்கரைக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

அந்த அம்மா மெலிந்த உருவம். கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்து வந்திருந்தார். தண்ணீர் வற்றியிருந்தது. பாறை வரிசை வரை மூவரும் மெதுவாக நடந்தோம். அப்பால் இருக்கும் பள்ளத்தைக் காட்டி, "இங்கதாம்மா" என்றேன். அவர் விடவில்லை.

"பயந்து போய் அப்புறமா கொண்டுவந்து போட்டிருப்பா."

நான் பொட்டலத்தைப் பிரித்துக் காப்பை அவர் கையில் வைத்தேன். புரட்டினார். தழும்பைத் தடவினார், முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு விரல் உள்பக்கம் போனது. கல்லாகிப்போன மணல், அதன் மேல் சிப்பிகள். நகத்தால் சுரண்டினார். வரவில்லை. பாறையைப் பார்த்தார். அங்கேயும் அதே சிப்பிகள், அதே மாதிரி ஒட்டிக்கொண்டு. திரும்பக் காப்பைப் பார்த்தார்.

அப்படியே ஈரப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். அத்தை குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.

"கடல்ல போச்சுன்னு சொன்னா. திரும்பத் திரும்பச் சொன்னா. நான் அவ அண்ணன் வீட்டுக்கே ஆள் அனுப்பி விசாரிச்சேன்."

அலை வந்து காலை நனைத்ததும்தான் எழுந்தார். "அவ எங்க இருக்கா?" என்று கேட்டார். அந்தப் பெண்ணைக் கேட்காமல் நான் சொல்வதில்லை என்றேன். போன் செய்து கேட்டது அத்தைதான். "கடை திறந்துதான் இருக்கு. யார் வேணா வரலாம்" என்று பதில் வந்ததாம். "கடுதாசி, காயிதம்லாம் வேண்டாம். நேர்ல போய்ச் சொல்லுங்க. இப்பவே வாங்க, இல்லன்னா வீட்டுக்குப் போய் மனசு மாறிடும்" என்று அந்த அம்மாவின் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றியதும் அத்தைதான். அடுத்த வீட்டுச் சண்டை என்றவள்!

நாங்கள் போனபோது பார்லரில் மருமகள் ஒரு பெண்ணுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் எங்களைப் பார்த்தாள். கத்தரி நிற்கவில்லை. "உட்காருங்க" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. மாமியார் பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த வாடிக்கையாளர் எழுந்ததும் இன்னொருத்தி வந்தாள். அவளுக்கும் முடிக்கும்வரை மாமியார் அப்படியே இருந்தார், காப்பை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

பிறகு முறை வந்தது. எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மருமகள் துண்டை உதறிக் கழுத்தில் கட்டினாள். அளவு நாடாவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். இருவரும் கண்ணாடியைப் பார்த்தே பேசினார்கள். எனக்குக் கேட்காது, ஆனால் உதடுகள் தெரிந்தன. அச்சகத்துச் சத்தத்தில் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவன் அல்லவா!

"நீ சொன்னது நிஜம். நான்தான் உன்னைக் கெட்ட பேர் எடுக்க வெச்சேன்."

"ம்."

"இது உனக்கு. வாங்கிக்க."

"வேண்டாம். உங்க பொருள்."

"வேற என்ன செய்யட்டும்? சொல்லு."

"என் அண்ணன்கிட்டயும் சொல்லுங்க. உங்க மகன்கிட்டயும் சொல்லுங்க. நான் இருக்கும்போது இல்ல. நான் இல்லாதப்ப சொல்லுங்க. அப்பதானே என்னைப் பத்திப் பேசினீங்க."

அந்த அம்மா தலையை ஆட்டினார். கண்ணில் தண்ணீர். துண்டுக்குள் மாட்டிக்கொண்ட கையை எடுக்க முடியவில்லை. மருமகள்தான் ஒரு பஞ்சை எடுத்துத் துடைத்துவிட்டாள், வாடிக்கையாளர் கண்ணில் முடி விழுந்தால் துடைப்பதுபோல.

"முடி வெட்டணுமா?" என்று கேட்டாள்.

"நுனி மட்டும்."

வெட்டினாள். நிதானமாக, நன்றாகவே வெட்டினாள். எல்லோரிடமும் வாங்குவதை அவரிடமும் வாங்கிக்கொண்டாள். வாசல்வரை வரவில்லை. நாங்கள் படி இறங்கும்போது உள்ளேயிருந்து சொன்னாள். இது எனக்கே கேட்டது: "பின்னாடி சீக்கிரம் வளரும். ரெண்டு மாசம் கழிச்சு வாங்க."

பஸ்ஸில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து, வீடு வரும்வரை வாயைத் திறக்கவில்லை. எனக்கே பயமாகிவிட்டது. இறங்கும்போதுதான் கேட்டாள்: "அம்மாடி புது வீட்டு விலாசம் உங்ககிட்ட இருக்கா?"

மாமா

---

ஜூலை 2

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். இந்த முறை தாமதத்துக்குக் காரணம் வேலை இல்லை. உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு எழுத ஆரம்பித்து, ஆரம்பித்து, கிழித்தேன்.

நான் வீடு மாறியதாக எழுதினேன். 'நாங்கள்' என்று எழுதவில்லை என்பதை நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ. நானும் அவரும் பிரிந்துவிட்டோம், மாமா. நீங்கள் காப்பு கிடைத்ததாக எழுதிய நாட்களிலேயே முடிவாகிவிட்டது. இந்த மாதக் கடைசியில் நீதிமன்றத்தில் கையெழுத்து. அதோடு முடிந்துவிடும்.

பெரிய காரணம் கேட்டால் என்னிடம் இல்லை. அடி இல்லை, குடி இல்லை, வேறு யாரும் இல்லை. அவர் கெட்டவர் இல்லை. பகலெல்லாம் மற்றவர்களுக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று சோதிப்பவள் நான். வீட்டுக்கு வந்து பேசினால் நான் பேசியது சுவரில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. அவருக்கும் அப்படியே இருந்திருக்கும். கடைசியில் இரண்டு வாடகைக்காரர்கள்போல, படியில் பார்த்தால் வழி விட்டுக்கொண்டிருந்தோம்.

உங்களிடம் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் உங்கள் கடிதம் ஒவ்வொன்றும் 'அன்புள்ள அம்மாடிக்கு' என்று வந்துகொண்டிருந்தது. சொல்லிவிட்டால் அது நின்றுவிடுமோ என்று பயந்தேன். எனக்கு அப்பா இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

கையெழுத்துப் போட்ட பிறகு நான் உங்களுக்கு என்ன முறை என்று எனக்குத் தெரியவில்லை. நான் எழுதுவது சரியாக இருக்காது என்றால் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள், வருத்தப்பட மாட்டேன். ஹெட்போனின் பஞ்சு தேய்ந்திருக்கும். புதிதாக இரண்டு இதோடு வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

ஜூலை 8

அன்புள்ள அம்மாடிக்கு,

பஞ்சு கிடைத்தது. சரியாகப் பொருந்துகிறது.

நீ எழுதியது எனக்கு முன்பே தெரியும். ஏப்ரலில் அவன் வந்தபோது, கடற்கரையில் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான். உன்னைப் பற்றி ஒரு தப்பான வார்த்தை சொல்லவில்லை. அத்தைக்கு அதற்கும் முன்பே தெரியும். நீ சொல்லும்வரை நான் கேட்கக் கூடாது என்று இருந்தேன். கேட்டால் நீ எழுதுவதை நிறுத்திவிடுவாயோ என்று எனக்கும் பயம். நீ அங்கே பயந்தாய், நான் இங்கே பயந்தேன். நடுவில் தபால்காரர் மட்டும் தைரியமாக இருந்திருக்கிறார்.

அவன் என் மகன். அவனுக்கு வலிக்கிறது, எனக்கும் வலிக்கிறது. அதை மறைத்து எழுத மாட்டேன். ஆனால் உன்னிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

என்ன முறை என்று கேட்டிருக்கிறாய். நீதிமன்றத்தில் உங்கள் இரண்டு பேரையும்தான் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் எதிலும் கையெழுத்துப் போடப்போவதும் இல்லை.

எழுது.

மாமா

---

ஜூலை 11

மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். கோழி கிளறியதுபோல் இருக்கும், பொறுத்துப் படி. நான் பேனா பிடித்து வெகுகாலம் ஆயிற்று. உன் மாமா எழுதினால் முழங்காலில் ஆரம்பித்து, காற்று மழையெல்லாம் விசாரித்து, நாலாம் பக்கத்தில்தான் விஷயத்துக்கு வருவார். அதுவரை எனக்குப் பொறுமை இல்லை.

நீ போன் செய்தபோதெல்லாம் நான் வீட்டில்தான் இருந்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. மணி அடித்து ஓயும்வரை பக்கத்திலேயே நின்றேன். என் மகன் போனில் அழுதான். பெற்றவளுக்கு அது போதும். மேலே ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. நீ அழுததை நான் பார்க்கவில்லை. அதனால் நீ அழவே இல்லை என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன்.

அன்றைக்கு அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, தன் முறை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். ஏழு வருஷம் கழித்து வந்து இப்படி உட்கார என் இடுப்பு தாங்காது என்று நினைத்துக்கொண்டேன்.

உங்களை மறுபடி சேர்த்துவைக்கப் பார்க்கிறேன் என்று பயப்படாதே. அது உங்கள் பாடு. நேற்று மகனிடம் சொன்னேன், அவளைப் பார்க்கப் போகிறோம் என்று. "அங்கயா தங்கப்போறீங்க?" என்றான். "அங்கதான்" என்றேன். "அவளால மாடி ஏற முடியும், உன்னால முடியுமா?" என்று கேட்டான். முடியும் என்றேன். மெதுவாக ஏறுவேன்.

மாமாவுக்குக் காது பார்க்க அடுத்த வாரம் ஒரு நாள் குறித்து வை. இடது காது சுத்தமாகப் போய்விட்டது, உன்னிடம் மறைக்கிறார். வெள்ளிக்கிழமை ரயில் ஏறுகிறோம், சனிக்கிழமை காலையில் வந்துவிடுவோம். ஓர் அறை போதும். நீயும் நானும் கீழே படுத்துக்கொள்வோம், அவர் கட்டிலில் குறட்டை விடட்டும், அவருக்கே கேட்காது.

உனக்கு வேலை இருக்கும், நிலையத்துக்கு வர வேண்டாம், வழி கேட்டு நாங்களே வந்துவிடுகிறோம் என்று எழுதச் சொல்கிறார் மாமா. அவர் சொல்லுவார். நீ வா. வண்டி நிற்பதற்கு முன்பே நான் ஜன்னலில் இருப்பேன்.

அத்தை